மூன்று முழக் கோழிக்கூடு

நாலரை அடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள கோழிக்கூட்டில் ஆறு கோழி சௌகரியமாக இருக்கும். ஏழாவதைப் பிடித்துத் தள்ளினால் அதுவும் உள்ளே போகும், ஆனால் அதன்பிறகு ஏழில் ஒன்றுகூட நிம்மதியாக இருக்காது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அந்த அளவுக் கூட்டில் பதினெட்டு கோழியை அடைத்துப் பார்த்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. சேரன்மகாதேவியில் வாய்க்காலை ஒட்டி எங்கள் வீடு. கணவர் பம்பாயில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார், வருடத்துக்கு ஒரு முறை வருவார். வீட்டில் நானும் மூன்றாம் வகுப்பு படித்த மகளும்தான். நான் தெருவுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டிருந்தார்கள். உடன்பிறந்தவள் ஒரே தங்கை. அவளைத் திசையன்விளையில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள்.

ஏழாம் மாத வளைகாப்புக்கு ஐந்து வகைச் சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு போனேன். வளையல் போட்டு, பந்தி முடிந்து, பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், "அப்ப தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். வளைகாப்பு முடிந்தால் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்தானே. தங்கையின் மாமியார் வெற்றிலையை மென்றுகொண்டே, "எங்க கூட்டிட்டுப் போகப் போற?" என்று கேட்டாள்.

"பேறுகாலத்துக்கு அத்தை. நம்ம வீட்டுக்கு."

"தாய் இல்லாத வீட்டுல பச்ச ஒடம்புக்காரிய யாரு பாப்பா? நீ மெஷின மிதிப்பியா, இவளப் பாப்பியா? இங்கனயே இருக்கட்டும். நாங்க பாத்துக்கிடுதோம்."

அத்தனை பெண்களுக்கு நடுவில் சொன்னாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். யோசித்துப் பேசும் பழக்கம் அன்றும் இல்லை, இன்றும் பெரிதாக வந்துவிடவில்லை. "பேறுகாலத்துக்குன்னே இருபது கோழி வளக்கேன் அத்தை. தாய் இருந்தா என்ன செய்வாளோ அதுல ஒண்ணு குறையாது. வேணும்னா வந்து எண்ணிப் பாத்துக்கிடுங்க" என்றேன்.

அன்றைக்கு என் வீட்டில் கோழி அல்ல, கோழி இறகுகூடக் கிடையாது.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி. ஒம்பதாம் மாசம் பொறக்கவும் வந்து பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள். இப்படியாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு, தங்கையை அங்கேயே விட்டுவிட்டு, காலிப் பாத்திரங்களோடு பஸ் ஏறினேன்.

கோழியைப் போய் ஏன் சொன்னேன் என்று கேட்கலாம். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் பூண்டும் காயமருந்தும் கொடுத்து, நாட்டுக்கோழிச் சாறு வைத்து உடம்பைத் தேற்றுவார்கள். கடையில் உரித்துத் தொங்கும் வெள்ளைக் கோழி அதற்கு ஆகாது. வீட்டில் மேய்ந்த இளங்கோழியாக இருக்கவேண்டும். என் பேறுகாலத்துக்கு அம்மா நாற்பது நாளும் என்னைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் அப்படித்தான் பார்த்தாள். அதே கையால் சின்னவளுக்கும் செய்ய அவள் இருக்கவில்லை. அம்மா எனக்குச் செய்தது அவளுக்கும் கிடைத்தே ஆகவேண்டும், அதை நான்தான் செய்யவேண்டும் என்று வீம்பாக இருந்தேன்.

ஊருக்கு வந்த மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். சுற்றியிருந்த கிராமங்களில் தெரிந்தவர்களிடமெல்லாம் இளங்கோழிக்குச் சொல்லி வைத்தேன். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மூங்கில் வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். கூடை, தட்டி, கோழிக்கூடு எல்லாம் பின்னுவார். தைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து அவரிடம் போனேன். "மூணு முழம் நீளம், ரெண்டு முழம் அகலம், இடுப்பு ஒசரம். உள்ள ஒக்கார ரெண்டு கழி போடணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் தலையை ஆட்டினார்.

தப்பு நடந்தது அந்த இடத்தில்தான். என் அப்பா தச்சு வேலை செய்தவர். எங்கள் வீட்டில் முழம் என்றால் தச்சு முழம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளக்கிறார்களே, அந்தக் கை முழத்தைப்போல அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கதவு, கட்டில், தொட்டில் எதுவானாலும் அப்பா அந்தக் கணக்கில்தான் பேசுவார். கேட்டு வளர்ந்த எனக்கும் அதுதான் முழம். பூக்காரியிடம் மல்லிகைப்பூ வாங்கும்போது மட்டும் முழம் சிறிதாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கோழிக்கூடு என்ன பூவா?

கூடு வரப்போகிறது என்று புறவாசலில் இருந்த வாழைக்கட்டையைத் தோண்டி எடுத்தேன். துவைக்கிற கல்லை நகர்த்தி வைத்தேன். எட்டடிக்கு ஐந்தரை அடி இடம் ஒதுக்கி, மேடாக்கி, மணல் பரப்பினேன். கூட்டை வண்டியிலிருந்து இறக்குவதற்குத் தெருவில் நான்கு ஆம்பிளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன். கோழிகள் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டன. பதினெட்டு. காலில் கயிறு கட்டி முற்றம் முழுக்கக் கிடந்தன.

அண்ணாச்சி கூட்டைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். கூட்டை இறக்க வந்த நான்கு ஆம்பிளைகளும் சைக்கிளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, இது குஞ்சு அடைக்கக் கூடா? பெரிய கூடு எங்கன?" என்று கேட்டேன்.

"பெருசும் இதான், சிறுசும் இதான். நீ சொன்ன அளவுதாம்மா. மூணுக்கு ரெண்டு." அவர் கூட்டின் மேல் தன் முழங்கையை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று அளந்து காட்டினார். விரல் நுனி விளிம்பில் போய் அச்சாக நின்றது.

"நான் சொன்னது தச்சு முழம்."

"நான் என்ன ஆசாரியாம்மா? பூக்காரி அளக்க முழந்தான் எனக்குத் தெரியும். கழுத்துல இஞ்சு டேப்பத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து முழத்துல சொன்னது ஆரு?"

சத்தியமாக அதைக் கழற்றாமலேயேதான் அன்று போயிருந்தேன். நான்கு பேரும் சிரித்தார்கள். அண்ணாச்சி முற்றத்துக் கோழிகளை எட்டிப் பார்த்தார். "இதுல ஆறு அடைக்கலாம். ஏழு வேண்டாம். இன்னொண்ணு பின்னித் தாரேன், மூங்கில் வர ஒரு மாசம் ஆகும்" என்றார். எனக்கு ஒரு மாதம் பொறுக்க நேரமில்லை. அதைவிட, அந்த நான்கு பேர் முன்னால் தோற்றுப்போக மனசில்லை. "எடம் பத்தலன்னு கோழி வந்து ஒங்ககிட்ட சொல்லிச்சா? வச்சிட்டுப் போங்க" என்றேன். அவர் கூட்டை வைத்துவிட்டுப் போனார்.

பதினெட்டையும் அதில் அடைத்தேன். போயிற்று, அதுதான் வேடிக்கை. கடைசி நாலை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்த முழங்காலால் முட்டுக் கொடுக்கவேண்டியிருந்தது. ஆனாலும் போயிற்று. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோழி சும்மா இருக்கும்போது பார்த்தால் சின்ன உருவம். படுக்கப் போகும்போதுதான் அது இறகை உப்பிக்கொண்டு தன் இடத்தைக் கேட்கும். கழியில் ஒரு கோழிக்கு ஒரு சாண் வேண்டும். கீழே நின்றால் கழுத்தைத் திருப்பி முதுகைக் கோத இடம் வேண்டும். இது கிடைக்காவிட்டால் பக்கத்துக் கோழியைக் கொத்தும். கொத்து வாங்கினது, ஒதுங்கிப் போக இடம் இருந்தால் ஒதுங்கிவிடும், அதோடு சண்டை முடிந்தது. ஒதுங்க முடியாதபோதுதான் வினையே. மறுநாள் காலையில் திறந்தபோது மூன்று கோழிக்கு வால் பக்கம் தூவலே இல்லை, சதை சிவந்து தெரிந்தது. இரத்தத்தைக் கண்டுவிட்டால் மற்ற கோழிகள் எல்லாம் அங்கேயேதான் கொத்தும். நான் மஞ்சளை அரைத்துப் பூசினேன். மறுநாள் மஞ்சள் பூசிய இடத்தையும் கொத்தி வைத்திருந்தன. போட்ட முட்டை ஒன்றுகூட முழுசாகக் கைக்கு வரவில்லை, மிதித்து உடைத்துத் தாங்களே குடித்தன. அடியில் எச்சம் ஈரமாகக் கிடந்து, குனிந்தால் கண் எரிந்தது.

நான்காம் நாள் இரண்டு கோழி செத்துக் கிடந்தன. ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் நசுங்கிக் கிடந்த சின்னக் கறுப்புக் கோழி. வந்த நாளிலிருந்து என் கையில் வந்து அரிசி தின்றது அதுதான். அதைப் புறவாசலில் குழி தோண்டிப் போட்டு மண்ணைத் தள்ளும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. கோழிக்கு நான் செய்தது அநியாயம். அண்ணாச்சியின் வார்த்தையைக் கேட்டிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும். இதை யாரிடமும் அன்று நான் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மிச்சம் பதினாறு. கூட்டில் ஆறு கோழியை மட்டும் விட்டேன். ஒரே வாரத்தில் அந்த ஆறும் ஆளே மாறிவிட்டன. கொத்து இல்லை, கத்தல் இல்லை, சாயங்காலம் தானாக வந்து வரிசையாகக் கழியில் ஏறிக்கொண்டன. ஒரு ஆசையில் ஏழாவதாக ஒன்றை விட்டுப் பார்த்தேன். இரண்டு நாளில் பழைய கதை தொடங்கவே வெளியே எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கணக்கில் சந்தேகமே கிடையாது.

மீதிப் பத்தை எங்கே வைப்பது? புறவாசலில் கீரி வரும். பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்தால் ஒரு கூடைக்குள் இரண்டு மூன்றுதான் இருக்கும், அதையும் கீரி புரட்டித் தள்ளிவிடும். வீட்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு உள்ளறை. கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை. பத்தையும் அதில் விட்டேன். தரையில் உமியைப் பரப்பி, கட்டில் மேல் சாக்கை விரித்துவிட்டேன். கட்டில் சட்டம் கோழி உட்காரத் தோதாக இருந்தது. பத்துக் கோழியும் அந்த அறையில் ராஜபோகமாக வாழ்ந்தன. இருபது என்று சொன்னோமே, இன்னும் நாலு பிடித்துவிட்டால் கணக்குச் சரி என்று நான் கெட்டிக்காரத்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் மாதம் பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது மத்தியானம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கையின் மாமியார். இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். "கோழியப் பாப்போம்" என்று நேராகப் புறவாசலுக்குப் போனாள்.

ஆறு கோழியும் மணலில் குளித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து, இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பார்த்தாள். கூட்டுக்குள் கையை விட்டுத் தடவி, கையை மூக்கில் வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் வச்சிருக்க. மத்தது எங்க?" என்றாள்.

"வாய்க்கா பக்கம் மேயப் போயிருக்கு அத்தை."

சொல்லி வாயை மூடவில்லை. உள்ளறையில் ஒரு கோழி முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்தது. முட்டையிட்ட கோழி சும்மா இருக்குமா? ஊருக்கே தெரியும்படி கொக்கரித்தது. கூடவே மற்ற ஒன்பதும் சேர்ந்துகொண்டன. அவள் என்னைப் பார்க்காமலேயே வீட்டுக்குள் நடந்து, தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தாள்.

கட்டில் சட்டத்தில் ஐந்து கோழி, தரையில் நாலு, அம்மாவின் பழைய தலையணை மேல் ஒன்று. அவள் வாசற்படியிலேயே நின்று நிதானமாக எண்ணினாள். பிறகு திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"கோழிக்கெல்லாம் எடம் நல்லா சௌகரியமா இருக்கு. எம் மருமவ எங்கன படுப்பா?"

என் வீட்டில் வேறு அறை கிடையாது. இத்தனை நாளும் அந்த அறையில் உமி பரப்பி, கட்டிலில் சாக்கு விரித்த எனக்கு, பிள்ளை பெற்றவளும் பிள்ளையும் படுக்கவேண்டிய கட்டில் அது என்பது ஒரு முறைகூடத் தோன்றவில்லை. கோழி, கோழி, கோழி என்று ஒன்றரை மாதமாக அலைந்ததில் யாருக்காக அலைகிறேன் என்பதையே விட்டுவிட்டேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார்மேல் பாய்வது என்று தெரியாமல் அது நின்றது. பிறகு கேட்டதற்கு நேராகவே பதில் சொன்னேன்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய் அத்தை. அப்ப ஒரு கோழிகூட இல்ல. அத்தன பேரு முன்னால சொன்னியளேன்னு ஒங்க வாய அடைக்கச் சொன்னேன். சொன்னதுக்காக வளத்தேன். கூட்டளவு தப்பிப்போச்சு, ரெண்டு செத்தும் போச்சு. எந் தங்கச்சிய அனுப்பமாட்டேன்னு மட்டும் சொல்லிராதிய."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இருபது கோழின்னு நீ சொல்லும்போதே தெரியும். கோழி வளக்கவ எண்ணிக்கையச் சொல்லமாட்டா, கண்ணு பட்டுரும்னு நாலஞ்சு கெடக்குன்னுதான் சொல்லுவா" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வளர்ப்பவளின் முதல் பாடமே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"பெரிய கூடை இருக்கா? ரெண்டு எடு" என்றாள். பத்துக் கோழியையும் காலைக் கட்டி அவளே கூடையில் வைத்தாள். "இது எங்க வீட்டுல கெடக்கட்டும். செம்மண் காடு, எடத்துக்குப் பஞ்சமில்ல. நீ இந்த அறையக் கழுவு. சுண்ணாம்பு அடி. பச்சப்பிள்ள மூச்சு விட வேண்டிய எடம்."

"தங்கச்சிய அனுப்புவியளா?"

"வந்து மோந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

தெருக்காரர்கள் பார்க்க, பஸ் நிறுத்தம் வரை ஒரு கூடையை நானும் ஒரு கூடையை அவளும் தூக்கிக்கொண்டு போனோம்.

தைக்க வந்த துணியையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு அறையில் இறங்கினேன். உமியை வாரி, தரையைத் தேங்காய்நாரால் மூன்று தடவை தேய்த்தேன். கட்டிலை வெளியே போட்டு வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தேன். சுவரைச் சுரண்டி இரண்டு கை சுண்ணாம்பு அடித்தேன், நானேதான் அடித்தேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாளியைப் பிடித்தாள். தினமும் சாம்பிராணி போட்டேன். போட்டுவிட்டு வாசலில் போய் நின்று, புது ஆள் மாதிரி உள்ளே வந்து மோந்து பார்ப்பேன். ஒரு நாள் வாடை போனது போல இருக்கும், மறுநாள் வந்துவிட்டது போல இருக்கும். என் மூக்கை எனக்கே நம்பமுடியவில்லை.

சரியாக ஒரு வாரம் கழித்து அவள் வந்தாள். நேரே அறைக்குள் போய், சுவரில் முகத்தை வைத்து மோந்தாள். கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். வாசலுக்குப் போய், "எறங்கி வா பிள்ள, பைய வா" என்று குரல் கொடுத்தாள். தெருவில் ஒரு வாடகைக் கார் நின்றது. தங்கை வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள். அவள் துணிப்பையை மாமியாரே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தாள். தங்கை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

பெண் குழந்தை. சுகப் பிரசவம். நாற்பது நாளும் நான் அந்தக் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தேன். காயமருந்து இடிப்பது, வெந்நீர் போடுவது, பிள்ளைத் துணி அலசுவது, தங்கைக்கு வயிற்றுக்குத் துணி கட்டிவிடுவது எல்லாம் நான்தான். முதல் ஆறு கோழி தீர்ந்தது. அதன்பிறகு திசையன்விளையிலிருந்து தங்கையின் மாமியார் ஐந்து நாளைக்கு ஒரு தரம் வயர்கூடையில் ஒரு கோழியோடு வருவாள். கோழியைக் கொடுத்து, பிள்ளையைப் பார்த்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

முப்பதாம் நாளுக்கு மேல் ஒரு தடவை வந்தவள் கோழியை என்னிடம் கொடுக்கவில்லை. தானே அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டித் தூங்க வைத்துவிட்டு வந்தேன். தங்கை சாப்பிட்டு முடித்திருந்தாள். அடுப்படித் தரையில் இன்னொரு இலை போட்டு, சோறு வைத்து, சாறு ஊற்றி, காலும் ஈரலும் வைத்திருந்தது.

"இது யாருக்கு அத்தை? அவ தின்னுட்டாள்லா?"

"ஒக்காரு."

"எனக்கு என்னத்துக்கு? நான் என்ன பிள்ளையா பெத்திருக்கேன்?"

"பெத்தவள நீ பாக்க. ஒன்ன யாரு பாக்கா?" என்றாள். கையில் கரண்டியோடு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு குழி விழுந்து கெடக்கு. தின்னு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அம்மா போன பிறகு எனக்கு யாரும் இலை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறியதில்லை என்பது முதல் கவளம் எடுத்தபோதுதான் தெரிந்தது. அழுதேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். அவள் இலை காலியாகக் காலியாகச் சோறு வைத்துக்கொண்டே இருந்தாள், நானும் போதும் என்று சொல்லவில்லை.